மதுவரியும் மரபுவாதமும்: தங்கவயல் எல்லையிலிருந்து ஒரு மீள்பார்வை

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. தெற்கே சில பத்து கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டம். தென்கிழக்கே ஆந்திரத்தின் குப்பம். இந்த மூன்று மாநிலங்களும் மதுவை விலக்கிப் பார்த்திருக்கின்றன, ஏலம் விட்டுப் பார்த்திருக்கின்றன, அரசு நிறுவனத்தின் கையில் கொடுத்தும் பார்த்திருக்கின்றன. எந்த மாநிலமும் தன் முதல் முடிவில் நிலைத்து நிற்கவில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்கு அரசியல்வாதிகளின் பேராசையே காரணம் என்பது எளிதில் சொல்லப்படும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. மரபுவாத அரசியல் உலகெங்கும் மூன்று வாக்குறுதிகளைத் தருகிறது: வரிச்சுமை குறைவாக இருக்கும், குடும்பத்தின் ஒழுக்கமும் அமைதியும் காக்கப்படும், உள்ளூர் அரசு பிறர் தயவில் வாழாமல் தன் வருவாயில் நிற்கும். மது என்று வந்துவிட்டால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கடையை மூடினால் குடும்பம் பிழைக்கலாம், கருவூலத்தில் பள்ளம் விழும். பள்ளத்தை நிரப்பப் புதிய வரி வேண்டும். வரி வேண்டாமென்றால் கடன் வாங்க வேண்டும், அல்லது மத்திய அரசிடம் கையேந்த வேண்டும். மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியில் சொல்லப்பட்டுவந்த விடைகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

ஆப்காரியும் கம்பெனியும்

முதல் விடை காலனி ஆட்சியுடையது. மது உற்பத்தியையும் விற்பனையையும் அரசு கட்டுப்படுத்தும், வரியை உயர்த்திக்கொண்டே போகும், அதனால் நுகர்வு குறைந்து வருவாய் பெருகும் என்பது ஆப்காரி, அதாவது மதுவரி, நிர்வாகத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை. சென்னை மாகாணத்தின் 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டம் அந்த அடிப்படையில் வந்தது. அண்டையிலிருந்த மைசூர் சமஸ்தானமும் அதே வழியில் கலால் வருவாயைத் திரட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் சென்னை மாகாண வருவாயில் கால் பங்கை ஒட்டிய தொகை கள், சாராயக் கடைகளிலிருந்து வந்தது. நிலவரிக்கு அடுத்தபடி அரசைத் தாங்கியது அதுதான்.

தங்கவயலில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-இல் இங்கே கால் வைத்த பிறகு வடஆற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ், தெலுங்கு பேசும் தலித் தொழிலாளர்களே சுரங்கத்தை நடத்தினர். சமஸ்தானத்துக்கு வெட்டியெடுத்த தங்கத்தின்மேல் 5 விழுக்காடு ராயல்டி. வெட்டியெடுத்தவரின் கூலியில் ஒரு பகுதி கலாலாகவும் அதே கருவூலத்துக்குப் போனது. பாறைக்குள் போன மனிதரிடமிருந்து அரசு இரண்டு வழியாக வரி எடுத்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

அந்தக் காலத்துக் கம்பெனி ஆட்சியும் ஒரு வகை மரபுவாதம்தான். லைன் வீடு, மருத்துவமனை, தண்ணீர், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம் என எல்லாவற்றையும் மேலே இருப்பவர் பார்த்துக் கொடுப்பார். கீழே இருப்பவர் அடங்கி நடக்க வேண்டும். அதிகாரிகளுக்குக் கிளப்பில் மதுக்கூடம். தொழிலாளிக்குக் குத்தகைதாரரின் சாராயக்கடை. முன்னதை நாகரிகமென்றும் பின்னதை ஒழுங்கீனமென்றும் பார்த்த கண்ணில் குடும்ப நலனைவிட ஷிப்டுக்கு ஆள் வருவதே பெரிதாக இருந்தது என்று கருத இடமுண்டு. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் எழுந்த வேலைநிறுத்தம், தந்தையைப் போல நடந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டைத் தொழிலாளர்கள் எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டிவிட்டது.

ஆப்காரிக் கொள்கையின் பலவீனம் அதன் இலக்கணத்திலேயே இருந்தது. நுகர்வைக் குறைப்பது நோக்கமா, வருவாயைக் கூட்டுவது நோக்கமா என்று கேட்டால் இரண்டும் என்றார்கள். நடைமுறையில் எந்த ஆண்டிலும் வருவாய் இலக்கைத்தான் எழுதி வைத்தார்கள். நுகர்வுக்கு இலக்கு வைத்த ஆட்சியர் யாராவது இருந்திருந்தால் அவர் விதிவிலக்கு.

மாரிக்குப்பத்துப் பஞ்சசீலம்

இரண்டாவது விடை மேலிருந்து வரவில்லை, லைன்களுக்குள்ளிருந்து வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகளில் ஒன்று மாரிக்குப்பத்தில் இயங்கியது. அவருடைய நூல்களைப் பிற்காலத்தில் பரப்பியது சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை. 1907-இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் 1914-இல் மறைந்த பின் 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடியும் வந்தது.

பௌத்தத்தின் ஐந்தாவது சீலம் மயக்கம் தரும் பொருளை விலக்குவது. தங்கவயல் பௌத்தர்களுக்கு அது சடங்கு விதியாக மட்டும் இருக்கவில்லை. குடியும் அதன் வழியே வந்த கடனும் சாதி இழிவை நிலைப்படுத்துகின்றன, சேமிப்பும் பள்ளிக்கூடமும் அதைக் குலைக்கின்றன என்பது அவர்களுடைய சமூகக் கணக்கு. அதே காலகட்டத்தில் இலங்கையிலும் அநகாரிக தர்மபாலர் உள்ளிட்ட பௌத்தர்கள் மதுவிலக்கைச் சமூக எழுச்சியோடு சேர்த்தே பேசினர்.

இதை மரபுவாதம் என்று அழைக்கலாமா என்பதில் தயக்கம் வருகிறது. குடும்பம், ஒழுக்கம், சிக்கனம் ஆகிய சொற்கள் அங்கே இருந்தன. ஆனால் காக்கப்பட வேண்டிய மரபு என்று அவர்கள் சுட்டியது சாதி மரபை மறுத்த பௌத்த மரபு. சொற்கள் ஒன்றாயிருந்தும் திசை வேறு. பிற்காலத்தில் குடும்ப மதிப்பீடு என்று பேசியவர்கள் அனைவரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

இந்த விடைக்கும் எல்லை உண்டு. அது தனிமனித உறுதியை நம்பியது. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும் இடத்தில், பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் தூசுக்கும் நடுவே உழைத்துவிட்டு மேலேறி வருபவர் சம்பள நாளன்று கடையைக் கடந்து போக வேண்டும். கடையை அங்கே வைத்திருந்தது அரசு. சங்கத்தின் உபதேசத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை.

சேலத்துப் பரிசோதனை

அந்த அதிகாரம் கையில் கிடைத்த மதுவிலக்குக்காரர் சி. ராஜகோபாலாச்சாரி. ஒசூர் வட்டம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழை நடத்தியவர். சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு சித்தூர், கடப்பை. அதற்கடுத்த ஆண்டு வடஆற்காடு.

இந்தப் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி துலங்கும். அன்றைய சேலம் மாவட்டத்தில் ஒசூரும் கிருஷ்ணகிரியும் அடக்கம்; குப்பம் சித்தூர் மாவட்டத்தில். தங்கவயல் தொழிலாளி எந்த ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தாரோ அந்த ஊர்களில் 1939-க்குள் கடைகள் மூடப்பட்டுவிட்டன. அவர் உழைத்த மைசூர் சமஸ்தானத்தில் ஆப்காரி தொடர்ந்தது. ஒரே குடும்பத்தின் ஒரு பாதி மதுவிலக்கின்கீழும் மறுபாதி கலாலின்கீழும் வாழ்ந்த அந்த ஆண்டுகளைப் பற்றி ஒப்பீட்டு ஆய்வு ஒன்று நடந்திருந்தால், பிற்காலத்து விவாதங்கள் பலவற்றுக்கு வேலை இருந்திருக்காது.

ராஜாஜியின் திட்டத்தில் நம் கவனத்துக்குரியது அதன் நிதிப்பக்கம். கடையை மூடினால் வருவாய் போகும் என்பதை அவர் மறைக்கவில்லை. பள்ளத்தை நிரப்ப 1939-இல் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன: மோட்டார் எரிபொருள் விற்பனை வரி, புகையிலை விற்பனை வரி, கேளிக்கை வரி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொது விற்பனை வரி. இந்தியாவில் பரந்த அளவில் விதிக்கப்பட்ட முதல் பொது விற்பனை வரி அதுவே. விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் வணிகர்கள் கொதித்தார்கள். பம்பாய் காங்கிரஸ் அரசு அதே ஆண்டில் நகரில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது சொத்துவரியைக் கூட்டியது. அங்கே வீட்டு உடைமையாளர்கள் கொதித்தார்கள்.

குடிப்பவர் தருவதை நிறுத்தி எல்லாரும் கொஞ்சம் தருவது என்பதே இதன் சாரம். அமெரிக்காவிலும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நடந்தது. 1913-க்கு முன் அமெரிக்க மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய 30 விழுக்காடு மதுவரி. அந்த ஆண்டு வருமானவரி வந்தது; அது காலூன்றிய பின் 1920-இல் மதுவிலக்கு வந்தது. பெருமந்தத்தில் வருமானவரி வறண்டதும் 1933-இல் மது திரும்பி வந்தது. மாற்று வரி இல்லாமல் மதுவிலக்கு நீடிப்பதில்லை என்று இரண்டு கண்டங்களும் சேர்ந்து சொல்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், இதே ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருடைய முதன்மையான முழக்கங்களில் ஒன்று வரிச்சுமை எதிர்ப்பு. பொருளியலாளர் கால்டோரின் பரிந்துரையை ஒட்டி 1957-இல் வந்த சொத்து வரியும் செலவு வரியும், பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று அவர் பெயரிட்ட ஏற்பாடும் குடும்பத்தின் சேமிப்பையும் முயற்சியையும் விழுங்குகின்றன என்றது அக்கட்சி. கட்சித் தலைவர் என். ஜி. ரங்கா 1962-இல் மக்களவைக்குப் போனது தங்கவயலுக்கு அடுத்த சித்தூர்த் தொகுதியிலிருந்து. முரண்பாடு என்று விமர்சகர்கள் சுட்டினார்கள். ராஜாஜியின் தரப்பிலிருந்து யோசித்தால் முரண்பாடு தோன்றுவதைவிடச் சிறியது: நெறிக்காகப் போடும் வரி வேறு, அரசைப் பெருக்கப் போடும் வரி வேறு. இந்தப் பிரிப்பை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மதுவை ஒழிப்பேன் என்று சொன்ன பிற்காலத் தலைவர்களில், அதற்கு யார் பணம் தரப்போகிறார்கள் என்பதைச் சட்ட வடிவில் முன்வைத்தவர்கள் மிகக் குறைவு. அந்த நேர்மை அவருக்கு உண்டு.

எதிர்வாதங்கள்

நேர்மை இருந்தால் மட்டும் வாதம் சரியாகிவிடாது. மூன்று திசைகளிலிருந்து எதிர்ப்பு வந்தது.

முதலாவது, வரியின் நியாயம் பற்றியது. விற்பனை வரி அரிசிக் கடையிலும் துணிக் கடையிலும் விழுகிறது. குடிக்காத ஏழையும் தருகிறார். குடியால் நொந்த குடும்பம் கலாலில் ஒருமுறை இழந்தது, இப்போது கொள்முதலில் இழக்கிறது. விகிதம் சிறியதாக இருந்தவரை இது ஏட்டளவில் நின்றது. பின்னாளில் விகிதங்கள் ஏறியபோது நிஜமானது.

இரண்டாவது, முன்னுரிமை பற்றியது. அம்பேத்கர் 1927-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேசியபோது, அரசு தலைக்குக் கல்விக்காகச் செலவிடுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கலாலாக வசூலிக்கிறது, வசூலித்த அளவுக்காவது கல்விக்குத் தர வேண்டும் என்றார். மதுப்பணம் அழுக்கானது என்று அவர் அதை ஒதுக்கவில்லை. அது யாரிடமிருந்து வந்ததோ அவர்களின் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்றார். பின்னர் பம்பாய் காங்கிரஸ் அரசின் மதுவிலக்கையும், கல்வி முதலான தேவைகளை முன்னிறுத்தி அவர் விமர்சித்தார். தங்கவயல் போன்ற ஊரின் கோணத்திலிருந்து இதுவே மிகக் கூர்மையான எதிர்வாதம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இங்கே எடுத்ததும் தந்ததும் ஒரே மக்களிடம் கணக்குப் பார்க்கக்கூடியவை.

மூன்றாவது, எந்தக் குடும்பம் என்பது. 1921-இல் ஒத்துழையாமைக் காலத்தில் தன் தோப்பில் கள் இறக்கிய தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பிற்காலத்தில் மதுவிலக்கை எதிர்த்தார். ஒருவர் என்ன குடிக்க வேண்டும் என்பதில் மேல்சாதி ஒழுக்கத்தைச் சட்டமாக்குவதா என்பது அவர் தரப்பின் ஐயம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் அந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது. பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயரெடுத்த அத்திட்டம் குடும்பத்தைக் கல்விக்கூடமாகப் பார்த்தது. கைத்தொழில் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு பொருள் தந்திருக்கலாம். மலமள்ளவும் மண்வெட்டவும் விதிக்கப்பட்ட குடும்பத்துக்கு? 1954-இல் அவர் பதவி விலகியதற்கு அத்திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பு பெரிய காரணம். அது அவருடைய மதுவிலக்கின்மேலும் நிழலாக விழுந்தது. அவர் காக்க விரும்பிய குடும்பத்துக்குள் சாதி அடங்கியிருக்கிறது என்ற சந்தேகம் அதன்பின் நீங்கவேயில்லை.

கடையை அரசே எடுத்தபோது

தமிழ்நாட்டுக் கதை நன்கறியப்பட்டது, சுருக்கமாகப் போகலாம். 1948-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 ஆகஸ்டில் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டும் மத்திய அரசு இழப்பீடு தரும், ஏற்கெனவே கடைப்பிடிப்பவற்றுக்குத் தராது என்ற விந்தையான நிலையும், மைசூர் உள்ளிட்ட அண்டை மாநிலங்களில் மது தாராளமாகக் கிடைத்ததும் அரசு சொன்ன காரணங்கள். முதுமையிலிருந்த ராஜாஜி முதல்வரை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1974-க்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டன; 1981-இல் எம்ஜிஆர் ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983-இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம். 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கையில்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1939-இல் மதுவுக்கு மாற்றாக வந்த விற்பனை வரி, மது திரும்பிய பிறகும் போகவில்லை. மாநிலங்களின் சொந்த வருவாயில் மிகப் பெரியதாக வளர்ந்தது. பின்னர் மதிப்புக்கூட்டு வரியானது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பெரும்பாலான பொருள்கள் அதற்குள் போயின. மனிதர் அருந்தும் மதுவும் பெட்ரோலியப் பொருள்கள் சிலவும் மட்டுமே மாநிலங்களிடம் மிஞ்சின. டாஸ்மாக் வழியே தமிழ்நாட்டுக்கு வந்த வருவாய் 2022-23-இல் ரூ. 44,000 கோடியைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி கலாலாக வரவில்லை, மதிப்புக்கூட்டு வரியாக வந்தது. மதுவை ஒழிப்பதற்காகப் பிறந்த வரியின் வாரிசு இன்று மதுக்கடையில்தான் பெருமளவு வசூலாகிறது. ராஜாஜியின் கொள்கைக்கு நேர்ந்த இந்தக் கதியை அவருடைய எதிரிகள்கூடக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

மாநில உரிமை பேசும் மரபுவாதிக்கு இது சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. தன் விருப்பப்படி விகிதத்தை மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு எஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று மது. அதை விட்டுவிட்டால் டெல்லியின் பகிர்வை நம்பி நிற்க வேண்டும். 1939-இல் சென்னை அரசுக்கு இருந்த கைகால் வீச்சு, இன்று எந்த மாநில முதல்வருக்கும் இல்லை.

குப்பத்துக்கு அப்பால்: பெண்களின் கேள்வி

இதுவரை பார்த்த விடைகள் பெரும்பாலும் ஆண்கள் சொன்னவை. 1992-இல் நெல்லூர் மாவட்டத் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள், பாடப்புத்தகத்தில் குடியால் சிதைந்த குடும்பம் ஒன்றின் கதையைப் படித்துவிட்டுச் சாராயக்கடையை மூடச் செய்தார்கள். இயக்கம் ஆந்திர மாநிலம் முழுவதும் பரவியது. 1993-இல் சாராயத்துக்குத் தடை. 1995 ஜனவரியில் என். டி. ராமாராவ் அரசின் முழு மதுவிலக்கு.

பிறகு நடந்தது பழைய பாதை. முதல்வரான சந்திரபாபு நாயுடு (குப்பம் அவருடைய தொகுதி) வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப 1996-இல் கிலோ இரண்டு ரூபாய் அரிசியின் விலையை மூன்றரை ரூபாயாக்கினார். பிற கட்டணங்களையும் கூட்டினார். 1997-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார். கடையை மூடச் சொல்லித் தெருவுக்கு வந்த பெண்ணின் வீட்டு அரிசியே அதற்கான விலையைத் தந்தது; விலையைத் தந்த பிறகும் கடை திரும்பி வந்தது.

இந்தப் பெண்களின் கோரிக்கையை மரபுவாதக் கணக்கில் எழுதிக்கொள்வோர் உண்டு. பெண்ணிய இயக்கமாகப் பார்ப்போரும் உண்டு. கூலி வீட்டுக்கு வர வேண்டும், அடி விழக் கூடாது என்பவை அவர்கள் கேட்டவை. குடும்பம் என்ற அமைப்பின் புனிதத்தை அவர்கள் வாதமாக வைக்கவில்லை. அதற்குள் தங்கள் நிலையை மாற்றக் கேட்டார்கள். அவர்களைப் பயன்படுத்திக்கொண்ட கட்சிகள் எல்லாம் முதல் கோரிக்கையைப் பேசின, இரண்டாவதை மேடையில் குறைத்துக்கொண்டன.

கர்நாடகத்தின் கணக்கு

தங்கவயல் 1956-இல் மாநில அரசுடைமையாகி, 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போய், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி, 2001-இல் மூடப்பட்டது. மூடியபோது மத்தியில் இருந்தது பா.ஜ.க. தலைமையிலான ஆட்சி. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகும் ஊராக அது மாறியது. இந்தத் தனித்தொகுதியின் தேர்தல் வரலாறு எந்தச் சித்தாந்தப் பெட்டிக்குள்ளும் அடங்குவதில்லை. கன்னட மாநிலத்தில் அ.தி.மு.க.வை மூன்று முறை (1983, 1989, 1999) வெல்ல வைத்தது. இடையில் மார்க்சிஸ்டையும் இந்தியக் குடியரசுக் கட்சியையும் அனுப்பியது. 2008, 2013-இல் பா.ஜ.க.; 2018, 2023-இல் காங்கிரஸ். சுரங்கத்தை மூடிய கட்சிக்கே அடுத்த பத்தாண்டுக்குள் வாக்களித்த ஊரைக் கண்டு, தொழிலாளர் நகரம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம். சாதிக்குள் உட்பிரிவுகளின் கணக்கும், தமிழ்க் கட்சிகளின் தளர்ச்சியும், வேட்பாளரின் தனிச் செல்வாக்கும் பெரும்பங்கு வகித்திருக்கலாம்.

மாநில அளவில் மரபுவாத முத்திரை பதித்த முடிவு 2007-இல் வந்தது. குமாரசாமி தலைமையிலான ஜனதா தளம்-பா.ஜ.க. கூட்டணியில் நிதிப் பொறுப்பு வகித்த எடியூரப்பா சாராயத் தடையை வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்; ஜூலை 1 முதல் பாக்கெட் சாராயம் மறைந்தது. ஏழைக் குடும்பங்களைக் காப்பது நோக்கம். ஆனால் தடை சாராயத்துக்கு மட்டும்; பிராந்தியும் விஸ்கியும் இருந்தன. மலிவானதை மூடி விலை கூடியதைத் திறந்து வைத்தால் ஏழைக் குடும்பத்தின் குடிச்செலவு குறையுமா, கூடுமா? வருவாய் மட்டும் குறையவில்லை. மறு ஆண்டு மே மாதம், தேர்தல் நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே, பெங்களூரிலும் கோலார், கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் கள்ளச்சாராயம் குடித்து 150-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தடைதான் காரணம் என்று ஒரு தரப்பு உடனே சொன்னது. 1981-இல் தடையே இல்லாத பெங்களூரில் இதைவிடப் பெரிய சாவு நேர்ந்ததையும், கடைகள் திறந்திருக்கும் தமிழ்நாட்டில் 2024-இல் கள்ளக்குறிச்சி நேர்ந்ததையும் சேர்த்து எடைபோட்டால் அந்தக் காரண-காரியம் அவ்வளவு நேரானதில்லை.

2023-இல் கர்நாடகம் இன்னொரு வகை விடைக்கு வந்தது. காங்கிரஸ் அரசின் கிருகலட்சுமித் திட்டம் குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ. 2,000 தருகிறது. 2024-25-இல் அதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ ரூ. 28,600 கோடி, அதே ஆண்டின் கலால் இலக்கு ஏறத்தாழ ரூ. 38,500 கோடி. 2023 ஜூலையிலேயே மதுவின்மேல் கூடுதல் கலால் வரி உயர்த்தப்பட்டிருந்தது. இந்தப் பணம் நேராக அந்தத் திட்டத்துக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. கருவூலத்தில் பணத்துக்கு அடையாளம் இல்லை. ஆனாலும் லைன் வீட்டுக் கணக்கில் இது துல்லியமாகத் தெரியும்: கணவர் கடையில் தருவதில் ஒரு பகுதி மனைவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அம்பேத்கரின் 1927 வாதத்தின் நிறைவேற்றம் இது என்று ஆதரவாளர் சொல்லலாம். அவர் கேட்டது பள்ளிக்கூடம் அல்லவா என்று மறுப்பவர் கேட்கலாம். இலவசம் என்று இதைச் சாடும் வலதுசாரிகளிடம், அதைத் தாங்கும் மதுவரியைக் குறைக்கலாமா என்று கேட்டால் பேச்சு தடுமாறுகிறது.

குஜராத் மட்டும் விதிவிலக்காகக் காட்டப்படும். 1960-இல் உருவான நாள் முதல் மதுவிலக்கு; கூடவே தொழில் வளர்ச்சியும், பிற்காலத்தில் வலதுசாரி ஆட்சியும். துறைமுகமும் ஆலைகளும் வரி தரும் மாநிலத்துக்கு அது கூடும். சுரங்கம் மூடிய கோலாருக்கு அந்த வழியைப் பரிந்துரைப்பவர், முதலில் தொழிற்சாலையைப் பரிந்துரைக்க வேண்டும். 2023 இறுதியில் காந்திநகர் நிதிநகரில் அங்கேயும் விலக்கு தளர்ந்தது.

சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

மதுவிலக்கு குடும்பத்தைக் காக்கிறதா என்பதற்கு இன்று முன்பைவிட நல்ல தரவு இருக்கிறது. பீகார் 2016 ஏப்ரலில் கொண்டுவந்த முழு மதுவிலக்கை அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியான லான்செட் குழும இதழ் ஆய்வு, ஆண்களின் அடிக்கடிக் குடியும், பெண்கள்மேல் கணவரின் வன்முறையும் குறைந்ததாக மதிப்பிடுகிறது. இந்திய மாநிலங்களின் பழைய தடைகளை ஆராய்ந்த வேறு பொருளியல் ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில் நிற்கின்றன. மதுவிலக்கு எங்கும் தோற்றது என்று ஒரே வீச்சில் சொல்வது இனி எளிதல்ல.

மறுபக்கத்தையும் ஒதுக்க முடியாது. பீகாரில் மதுவிலக்கு வழக்குகள் நீதிமன்றங்களை நிறைத்தன. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியே அதைப் பொதுவில் குறை கூறினார். கள்ளச்சாராயச் சாவுகள் தொடர்ந்தன. சிறைக்குப் போனவர்களில் ஏழைகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி என்ற குற்றச்சாட்டு வலுவாக இருக்கிறது. வீட்டுக்குள் அடி குறைந்து, வீட்டுத் தலைவர் சிறையில் இருந்தால், குடும்பம் காக்கப்பட்டதா? அளவுகோலை முன்பே முடிவு செய்துகொள்ளாத ஆய்வு இதற்கு விடை தராது.

தீராதவை

சில செய்திகள் ஓரளவு உறுதிப்பட்டிருக்கின்றன. மாற்று வரி இல்லாத மதுவிலக்கு நீடிக்கவில்லை. மலிவு மதுவை மட்டும் தடுப்பது வருவாயைக் கெடுக்கவில்லை. ஏழையைக் காத்தது என்பதற்கும் தெளிவான சான்று இல்லை. அண்டையில் கடை திறந்திருக்க ஒரு மாநிலம் மட்டும் மூடினால் எல்லை ஊர்கள் அதன் செலவைச் சுமக்கின்றன; தங்கவயல் 1937-லிருந்தே அந்த எல்லை ஊர்.

உறுதிப்படாதவை கனமானவை. ஜிஎஸ்டிக்குப் பிறகு ஒரு மாநிலம் மதுவை விட்டால் அந்த இடத்தில் எந்த வரியைப் போடும்? 1939-இல் ராஜாஜிக்கு இருந்த விற்பனை வரி என்ற கதவு இன்று அடைபட்டிருக்கிறது. நிலம், சொத்து, வாகனம், மின்சாரம் ஆகியவையே மீதம். அவற்றில் கை வைக்க வரி குறைக்கும் கட்சிகளும் முன்வரவில்லை, நலத்திட்டக் கட்சிகளும் முன்வரவில்லை. மதுவை ஜிஎஸ்டிக்குள் கொண்டுபோனால் மாநிலங்களின் ஆசை குறையும் என்ற யோசனை உண்டு. அதற்கு அரசமைப்புத் திருத்தம் வேண்டும், மாநிலங்கள் இசைய வேண்டும். மூன்று மாநிலங்களும் ஒரே நாளில் ஒரே விகிதத்தைக் கடைப்பிடிக்கும் எல்லை ஒப்பந்தம் ஒன்று ஏட்டளவில் சாத்தியம்.

பெண்ணின் கைக்கு வரும் பணம் வீட்டுக்குள் குடியைக் குறைக்கிறதா, அல்லது குடிச்செலவுக்கு இன்னொரு ஊற்றாகிறதா என்பதும் இன்னும் தெரியவில்லை. கிருகலட்சுமி தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. கோலார், கிருஷ்ணகிரி, சித்தூர் மாவட்டங்களின் எல்லை ஒன்றியங்களில், ஒரே வகைக் கூலிக் குடும்பங்களை வைத்து ஐந்தாண்டுக் கணக்கு எடுத்தால் இந்தக் கேள்விக்கு முதல் நம்பத்தக்க விடை கிடைக்கும். அதற்குத் தேவையான வேறுபாடு மூன்று மாநிலச் சட்டங்களின் வடிவில் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, செலவும் பெரிதாகாது.